விழுந்ததாகச் சொன்ன காயங்கள்

ஜூன் 3, திங்கள்

திருச்சி விமான நிலையத்தில் என் நூல் வெட்டும் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டார்கள். விரல் நீளம்கூட இல்லாத கத்தரி. கைப்பையில் வைத்தது என் புத்திகெட்டத்தனம். கொஞ்சம் கெஞ்சிப் பார்த்தேன். "ஒரு கத்தரிக்கு இம்புட்டு மானத்த வாங்கணுமா?" என்று தவனேஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பின்னால் இருபது பேர் நின்றார்கள், அவர் சொன்னது நியாயந்தான். நல்லவேளையாக ஆரி ஊசிகளும் மடக்கு ஃபிரேமும் பெரிய பெட்டியில் போய்விட்டன.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து மாமனார் வீட்டுக்குப் போகிறேன், அதுவும் கடல் தாண்டி. தவனேஸ் மலேசியாவில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கோயம்புத்தூருக்கு எஞ்சினியரிங் படிக்க வந்தார். பம்பு கம்பெனியில் வேலை கிடைத்ததும் அங்கேயே தங்கிவிட்டார். அவர் குடியிருந்த வீட்டுக்குக் கீழேதான் என் ஆரி ஒர்க் கடை. பழக்கம் அப்படித்தான் வந்தது. பதினாறு வருஷமாக அவர் ஊர்ப் பக்கம் போகவே இல்லை. கல்யாணத்துக்கு அத்தை மட்டும் வந்திருந்தார். மாமாவை நான் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. லாரி ஓட்டினவர், கண்டிப்பானவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுத்துவிட்டாராம். "ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போயிடுடா" என்று அத்தை போனில் அழுததால்தான் இந்தப் பயணம்.

கோலாலம்பூரில் இறங்கியதும் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனோம். படிக்குப் படி வேறு வேறு வண்ணம். ஊதாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, ஆனாலும் கண்ணை உறுத்தவில்லை. ஒரு ரவிக்கைக்கு ஆகும் என்று குறித்துக்கொண்டேன். ஒரு சின்னப் பெண் கையிலிருந்த பழத்தைக் குரங்கு பிடுங்கிவிட்டது. அவள் அப்பா குரங்கை விட்டுவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தார். நான் "அய்யோ" என்று திரும்பினால் தவனேஸைக் காணோம். முப்பது படி கீழே இறங்கி, முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

முழங்கை இன்னும் வலிக்கிறது. கிளம்புகிற அவசரத்தில் குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

தெலுக் இந்தான், மாமனார் ஊர். பஸ்ஸில் மூன்று மணி நேரம், வழி நெடுகப் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். அத்தையும் நாத்தனாரும் பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார்கள். அத்தை பெயர் அஞ்சலை. ஒல்லி உடம்பு, ஒரு நிமிஷம் சும்மா இருக்காத கை. "பசியாறிட்டீங்களா? பிள்ளைக்கு வயிறு ஒட்டிக் கெடக்கு பாரு" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று சொல்கிறார்கள் இங்கே. நாத்தனார் கோமளா அண்ணி தவனேஸைவிட இரண்டு வயது மூத்தவர். கையுறை செய்யும் ஃபாக்டரியில் வேலை. அவரோடு பேசும்போது வலது பக்கம் நின்று பேச வேண்டும், இடது காது கேட்காது.

சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் மாமா படுத்திருக்கிறார். வீராசாமி. படுத்த நிலையிலும் பெரிய ஆள் என்று தெரிகிறது. வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. இடது கை மட்டும் இன்னும் தடியாக, உரமாக இருக்கிறது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. தவனேஸ் அறை வாசலில் நின்றார். பதினாறு வருஷம் கழித்து மகனைப் பார்த்தவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"நாயே."

பசித்தாலும் தாகமெடுத்தாலும் அதுதானாம். "அதிகமா பேசுன சொல்லுதான் மூளையில தங்குமுன்னு டாக்டர் சொன்னாரு" என்று கோமளா அண்ணி சிரித்தார். தவனேஸ் உள்ளே போகவில்லை. நான் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். என்னிடமும் அதையே சொன்னார்.

ஜூன் 5, புதன்

அத்தைக்கு நான் கொண்டுவந்த ரவிக்கை பிடித்துவிட்டது. தோள் இறுக்குகிறது, பிரித்துத் தைக்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

மாமாவுக்கு உடம்பு துடைக்க அத்தைக்குக் கூடமாட இருந்தேன். அத்தை ரொம்பச் சுத்தம். வெந்நீர், இரண்டு துண்டு, பவுடர், எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டார். மாமாவை ஒருக்களித்துத் திருப்பியபோது தொடையின் பின்பக்கம் தெரிந்தது. கன்றிய கோடுகள். ஒவ்வொன்றும் இரட்டைக் கோடு, நடுவில் தோல் வெளுத்து, இரண்டு ஓரமும் சிவந்து. எல்லாம் ஒரே அகலம், ஒரே சாய்வு. பதினாலு வருஷமாகத் துணியில் கோடு போடுகிறவள் நான். தானாக விழுந்த கோட்டுக்கும் போட்ட கோட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

"என்னங்க அத்தை இது?"

"கட்டில்லேருந்து விழுந்துட்டாரு பிள்ள. துண்ட பிழிஞ்சு குடு."

குடுத்தேன். வயசானவர்களுக்குத் தோல் லேசானது. சட்டென்று கன்றிவிடும்.

ஜூன் 8, சனி

கோமளா அண்ணிக்கு லீவு. ஊரின் சாய்ந்த கோபுரத்தைக் காட்டக் கூட்டிப்போனார். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றுதான். தவனேஸ் வரவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டார்.

கோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்து ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்தோம். நான் தெரியாமல் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அண்ணி என்னைத் தோளைப் பிடித்து மறுபக்கம் மாற்றி உட்கார வைத்தார்.

"பிறந்ததுலேருந்தே இப்புடித்தானுங்களா அண்ணி?"

"இல்ல லா. பதினோரு வயசுல. அப்பா குடுத்தது." ரேடியோவில் செய்தி படிப்பவர் மாதிரி சொன்னார். "ஸ்கூல் விட்டு வர லேட்டாயிடுச்சு. வாசல்லயே ஒண்ணு விட்டாரு. ரத்தம் வந்துச்சு. ஆஸ்பத்திரில அம்மா படியிலேருந்து விழுந்துட்டான்னு சொன்னாங்க. எங்க வீட்டுல படியே கெடயாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் தவனேஸ் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போய்விட்டார். அண்ணி கோயிலுக்கு. நான் கூடத்தில் அத்தையின் ரவிக்கையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சுளீர் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. எழுந்து போனேன்.

அத்தை கையில் ரோத்தான் இருந்தது. இந்த ஊரில் பிள்ளைகளை மிரட்ட வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் மெல்லிய பிரம்பு. மாமாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, லுங்கியை வழித்துவிட்டு, தொடையில் அடித்துக்கொண்டிருந்தார். அத்தை முகத்தில் கோபமே இல்லை. அரிசி புடைக்கும்போது இருக்குமே, அந்த மாதிரி ஒரு கவனம். மாமா அழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் "நாயே" என்றார். குரலில் பணிவு இல்லை. சவால்தான் இருந்தது.

ஐந்தாவது அடிக்குப் பிறகு அத்தை என்னைப் பார்த்துவிட்டார். பிரம்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டினார். லுங்கியைச் சரிசெய்து, மாமாவை நிமிர்த்திப் போட்டு, வாயோரத்து எச்சிலை முந்தானையால் துடைத்தார்.

"உளுந்து ஊறிடுச்சு பிள்ள. அரைக்க வாறியா?"

போய் அரைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

சாயங்காலம் தவனேஸோடு ஆற்றங்கரைக்குப் போனபோது சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? எப்பங்க?"

"அக்கா போன வருசமே சொல்லிட்டா."

"அப்புறம் சும்மா இருக்கறீங்களே. வாய் பேச முடியாத மனுசனுங்க."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். நாலு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவருக்குப் பதினெட்டு வயது. மாமா லாரி ஜாக்கியின் இரும்புக் கம்பியால் அத்தையை அடித்தார். இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. சமையலறைத் தரையில் கிடந்தபடி "தவா, தவா" என்று அத்தை கூப்பிட்டார். இவர் குளியலறைக்குள் இருந்தார்.

"தண்ணிக் குழாய தொறந்து விட்டுட்டேன் கோகிலா. அம்மா சத்தம் கேக்கக் கூடாதுன்னு. வாளி நெறஞ்சு வழியிது, நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அடுத்த வருசமே இந்தியாவுக்கு ஓடிட்டேன். இப்ப அம்மா அடிக்கிறாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"இருந்தாலும் இது கொலையில போய் முடியுமுங்க. இங்க யாராவது ஆபீசர்கிட்டச் சொல்லி, மாமாவ வேற எடத்துல வச்சுப் பாக்கலாமுங்க."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்க வீட்டு விசயத்த வெளிய பேசுன, அப்புறம் பாத்துக்க."

கரை வழுக்கும் என்பதால் பிடித்திருப்பார். வீடு வரும்வரை விடவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டு கையிலும் வளையல் அடுக்கிக்கொண்டேன். ஒரு கையில் மட்டும் போட்டால் நன்றாக இல்லை.

ஜூன் 12, புதன்

காலையில் அத்தை மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அந்த ரோத்தானைக் கொண்டுபோய் ஆற்றில் வீசிவிட்டேன். மதியம் அதே ஆணியில் புதுசாக ஒன்று தொங்கியது. மளிகைக் கடையில் துடைப்பத்தோடு கட்டித் தொங்கவிட்டு விற்கிறார்கள். அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் மீன்தலை வைத்தார்.

மாமாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். பாவம் என்றுதான் போனேன். அந்தக் கண்ணில் ஒரு கெஞ்சலாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூன்றாவது கரண்டிக்கு இடது கையால் என் விரல்களைப் பிடித்தார். பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மடக்கினார். வலிக்கிறதா என்று பார்க்கிற பார்வை. வலித்ததும் அந்தக் கோணல் வாய் சிரித்தது. கையை உருவிக்கொண்டேன். கரண்டி அவர் கன்னத்தில் பட்டுவிட்டது. தெரியாமல் பட்டதுதான்.

கன்னம் சிவந்திருந்தது. அத்தை பார்த்தார், துடைத்துவிட்டார், கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணியிடம் மட்டும், மாமாவை வேறு எங்காவது வைத்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். அண்ணி ரொம்ப நேரம் ஒரே சட்டையை உதறிக்கொண்டே இருந்தார். "நல உதவி ஆபீஸ் நம்பர் ஃபாக்டரில ஒருத்தி வச்சிருக்கா. வாங்கி அனுப்புறேன். நான் போன் பண்ண மாட்டேன், ஆமா. என் அம்மா."

ஜூன் 13, வியாழன்

பினாங்கு! அண்ணியின் காரை வாங்கிக்கொண்டு வந்தோம், ஒரு இரவு தங்கல். இதை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் மறந்துவிடும்.

ஒரு பழைய சீன வியாபாரி வீட்டை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பாசிமணிச் செருப்புகள். அந்தக் காலத்தில் கல்யாணப் பெண் தன் கையாலேயே மாப்பிள்ளைக்குக் கோத்துக் கொடுக்க வேண்டுமாம். மணி ஒவ்வொன்றும் கடுகில் பாதி. ஒரு செருப்பின் முகத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். ரோஜா இதழின் மடிப்புக்கு ஏழு வகைச் சிவப்பு! நான் ஊசி போடும் வேகத்துக்கு ஒரு ஜோடிக்கு மூன்று மாதம் ஆகும். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றேன். தவனேஸ்கூட என்னோடு குனிந்து பார்த்து, "ஒன் வேல இதவிட நல்லாருக்கும்" என்றார். நல்ல மனிதர். அவருக்கு மனசு நிம்மதியாக இருந்தால் போதும், எல்லாம் சரியாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் கடற்கரைக்குப் போகிறோம்.

ஜூன் 14, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன்.

அண்ணி அந்த நம்பரை அனுப்பினார். என் போன் தவனேஸ் கையில் இருந்தது. படித்தார்.

காரில் ஏறப்போனேன். கை கதவிடுக்கில் இருந்தது. கதவைச் சாத்தினார். அவர் பார்க்கவில்லை.

சாத்திய பிறகு கொஞ்ச நேரம் திறக்கவில்லை. பூட்டு சிக்கியிருக்கும்.

வலது ஆள்காட்டி விரல். எலும்பு முறிவு. ஆரி ஊசியை அழுத்துகிற விரல்.

டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். என் கவனக்குறைவு என்றேன். தவனேஸ் பக்கத்தில் நின்று அழுதார். பாவம், ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

ஜூன் 15, சனி

திரும்பி வந்துவிட்டோம். நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பேனாவைப் பிடிக்க வருகிறது. அத்தை என் கைக்கட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தவனேஸைப் பார்த்தார். தவனேஸ் குளிக்கப் போய்விட்டார்.

ஜூன் 17, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது, அதனால் வரிசை குழம்பாது.

நேற்றுக் காலை. அத்தை அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"வெரலு என்னா பிள்ள?"

"கார்க் கதவுங்க அத்தை."

"ம். எனக்கு லாரிக் கதவு." தோசையை எடுத்தார். அடுப்பை அணைத்தார். "எத்தன வருசமா?"

அத்தை என் கையைப் பிடித்தார். என் வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் பார்த்தார். மணிக்கட்டில் அவர் மகனின் நாலு விரலும் இன்னும் மஞ்சளாக இருந்தன.

குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு ரோத்தானை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். தவனேஸ் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையோட கைய என்னாடா செஞ்ச?"

"கதவு மா. பாக்கல."

முதல் அடி தோளில் விழுந்தது. முப்பத்தைந்து வயது மனிதர், சிரித்தார். "மா, என்னா மா இது" என்றார். இரண்டாவது கழுத்தில். மூன்றாவது முகத்தில், கண்ணுக்குக் கீழே தோல் பிளந்து ரத்தம் கோடு போட்டது. சிரிப்பு நின்றது.

"அவன் மாரியே வந்து நிக்கிறியேடா. அவன் மாரியே!" அத்தை அடித்துக்கொண்டே கத்தினார். "ஒன்னய இந்த வீட்டுலேருந்து தப்பிக்க வச்சேன்னு நெனச்சேனேடா!"

தவனேஸ் பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். அத்தையை ஒரே தள்ளு தள்ளினார். அத்தை செருப்பு அலமாரியில் முதுகு மோதி விழுந்தார், அலமாரியும் மேலே சரிந்தது. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். காலைத் தூக்கி உதைத்தார். வயிற்றில் ஒன்று. அத்தை சுருண்டதும் விலாவில் ஒன்று. உள்ளே மாமா கத்திக்கொண்டிருந்தார், "நாயே, நாயே, நாயே." யாரை என்று தெரியவில்லை. சந்தோஷக் குரல் மாதிரி இருந்தது.

நான் அடுப்படிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியாது. தோசைக்கல்லைக் கைப்பிடியோடு இடது கையில் எடுத்தேன். இன்னும் சூடு இறங்கவில்லை. அவர் மூன்றாவது முறை காலைத் தூக்கினார். பின்மண்டையில் அடித்தேன். முடி பொசுங்கும் வாடை வந்தது. அவர் முழங்காலில் உட்கார்ந்து, திரும்பி, என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் இன்னொரு தரம் அடித்தேன்.

முதல் அடி அத்தைக்காக. இரண்டாவதுக்கு அவசியமே இல்லை. அவர் உட்கார்ந்தாயிற்று, கால் ஓய்ந்தாயிற்று. இரண்டாவது அடி என்னுடையது. அது நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கோமளா அண்ணி வாசலிலிருந்து ஓடிவந்து அலறினார். ஆம்புலன்ஸை அவர்தான் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் தவனேஸுக்குப் பதினொரு தையல். மண்டை ஓட்டில் சின்னக் கீறல், உயிருக்கு ஆபத்தில்லை. அத்தைக்கு இரண்டு விலா எலும்பு. டாக்டர் முதலில் அத்தையைக் கேட்டார்.

"விழுந்துட்டேன்" என்றார் அத்தை. "தர வழுக்கிடுச்சு."

அடுத்து தவனேஸ். "விழுந்துட்டேன்." என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார், "நீயும் அதையே சொல்லிடு கோகிலா. எல்லாம் சரியாயிடும். நாம ஊருக்குப் போயிடலாம்."

அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. நாலு வருஷமும் அது பொய்யாக இருந்ததில்லை, அதுதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். நான் "ஆமாங்க, விழுந்துட்டாருங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

"யாரும் விழலீங்க டாக்டர்" என்றேன். "அவர் அத்தைய ஒதச்சாரு. நான் அவர அடிச்சேன். ரெண்டு தரம்."

ஸ்டேஷனில் ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி. என்னைவிடச் சின்ன வயது. அண்ணி மொழிபெயர்த்தார். விரலைக் கேட்டார், சொன்னேன். மணிக்கட்டைக் கேட்டார், சொன்னேன். முழங்கையைக் கேட்கவில்லை, அதையும் சொன்னேன். குளியலறைக் கதவு தானாக இடிக்கவில்லை, அவர் என்னை அதன்மேல் தள்ளினார். போன வருஷம் அவர் உடைத்த என் ஆரி ஃபிரேம், அதற்கு முந்தின வருஷம் என் காதோரத் தழும்பு. அண்ணி மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது.

பிறகு அதிகாரி கேட்டார், "வீட்டில் வேறு யாருக்காவது அடி விழுகிறதா?"

அண்ணி அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். எனக்காக அடி வாங்கின கிழவி ஆஸ்பத்திரியில் விலாக் கட்டோடு படுத்திருக்கிறார். என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் பிரம்பெடுத்தது அதுதான் முதல் தடவை.

"ஆமாங்க" என்றேன். "படுக்கையில இருக்கற மாமாவுக்கு. தெனமும்."

அண்ணி என்மேலிருந்த கண்ணை எடுத்தார். பிறகு மலாயில் சொன்னார். நான் கஞ்சிக் கரண்டியால் மாமா கன்னத்தில் அடித்ததையும் சொன்னேன். அது தெரியாமல் பட்டதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

தவனேஸ் என்மேல் புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அவர் என்னை நெருங்கக் கூடாது என்று எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். பெரிய மனசு என்று பெருமைப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. புகார் கொடுத்தால் அவரும் பேச வேண்டியிருக்கும்.

ஜூன் 19, புதன்

நல உதவி ஆட்கள் இரண்டு பேர் வந்து மாமாவை ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு எடுத்துப் போனார்கள். போகும்போது தொடையைப் போட்டோ எடுத்தார்கள். இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார், விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அத்தை நேற்றே ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். என்னிடம் பேசவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை, அண்ணி வைத்தால் சாப்பிடுகிறார். மாமாவின் கட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். நான் உதவிக்குக் குனிந்ததும் எழுந்து போய்விட்டார்.

"அம்மாவ ஜெயில்ல போட்டுருவாங்களா?" என்று அண்ணி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

துணி மடித்தேன். பெட்டி கட்டினேன். அத்தை பேசவில்லை.

ஜூன் 22, சனி

காலை பத்தரை மணிக்குக் கோலாலம்பூர் பஸ். நாளைக்கு விமானம். தவனேஸ் சிநேகிதர் வீட்டில் இருக்கிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது. கோவையில் நான் கடைக்கு மேலே உள்ள வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா வீட்டிலிருந்து போய்வரப் போகிறேன். விரல் முன்போல் மடங்குமா என்று இரண்டு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

ஒன்பது மணிக்கு அண்ணி காரை எடுத்தார். நான் முன்னால் உட்கார்ந்தேன். அத்தை வீட்டிலிருந்து வந்து பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். பஸ் நிலையத்துக்கு வழியனுப்ப வருகிறார் என்று நினைத்தோம்.

"மொதல்ல ஸ்டேஷனுக்குப் போ" என்றார் அண்ணியிடம்.

"எதுக்கு மா? கூப்பிட்டாதான் போவணும்."

"நான் ரிப்போர்ட் குடுக்கணும்."

அதே பெண் அதிகாரிதான் இருந்தார். அத்தை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, விலாவுக்கு முட்டாகக் கைப்பையை வைத்துக்கொண்டார். யார்மேல் புகார் என்று அதிகாரி கேட்டார். அண்ணி தமிழில் சொன்னார்.

"என் மேல." அத்தை என்னைப் பார்த்தார். ஆறு நாளில் முதல் தடவையாகப் பார்த்தார். "இந்தப் பிள்ள சொன்னதெல்லாம் நெசம். கூடவே சொல்லல, கொறச்சுதான் சொல்லியிருக்கு. ரெண்டு வருசமா அடிச்சேன். அத எழுதச் சொல்லு."

அதிகாரி எழுதினார்.

"அடுத்து என் மவன் மேல. அடுத்து அவரு மேல."

"அவர்தான் படுத்துவிட்டாரே" என்று அதிகாரி சொன்னதை அண்ணி சொன்னார்.

"படுத்தா என்னா? நடந்தது எந்திரிச்சுதான இருக்கு. நாப்பத்தோரு வருசத்துல ஒரு ரிப்போர்ட் கெடயாது. ஆஸ்பத்திரில பூராம் விழுந்துட்டேன்னுதான் எழுதியிருக்கும். அதெல்லாம் மாத்தணும்."

எப்போது ஆரம்பித்தது என்று அதிகாரி கேட்டார்.

"கலியாணத்துக்கு மூணா நாளு" என்றார் அத்தை. "கொழம்புல உப்பு இல்ல."

அங்கிருந்து ஆரம்பித்தார். தேதி தெரியாத இடத்தில் திருவிழாவை வைத்துச் சொன்னார், மழைக்காலத்தை வைத்துச் சொன்னார், எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது என்பதை வைத்துச் சொன்னார். பிறக்காமல் போன ஒன்றைப் பற்றியும் சொன்னார். அண்ணிக்கு அது இதுவரை தெரியாது. மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை அவர் முதுகைத் தடவி, "சொல்லு, சொல்லு, எழுதட்டும்" என்றார். அண்ணியின் காதுக்கு வந்தபோது, படியிலிருந்து விழவில்லை என்பதை அத்தையே தனக்குத் தெரிந்த மலாயில், விரலால் மேசையைக் குத்திக் குத்திச் சொன்னார்.

பத்தரை ஆனது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தை அதைக் கவனித்துவிட்டு நிறுத்தினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சா பிள்ள?"

"அடுத்த பஸ் இருக்குதுங்க அத்தை. நீங்க சொல்லுங்க."

அதிகாரி இன்னொரு தாளை எடுத்தார்.